கினிசாங் தோகே: டோஃபுவைப் பொரித்துச் சேர்ப்பதா, அப்படியே போடுவதா?

பிலிப்பீன்ஸ் வீடுகளில் சோற்றுக்குத் துணையாக அடிக்கடி செய்யும் எளிய வதக்கல் கினிசாங் தோகே. பூண்டு, வெங்காயம், தக்காளி வதங்கியதும் பாசிப்பயறு முளையையும் தோக்வா என்ற கெட்டி டோஃபுவையும் (சோயா பாலில் செய்யும் கட்டி) சேர்த்து, பாத்திஸ் என்ற உப்பு மீன் சாற்றை விட்டுப் புரட்டுவார்கள். இறாலோ பன்றி இறைச்சியோ சேர்ப்பது அவரவர் வசதி. தோக்வாவை முதலில் பொரிக்க வேண்டுமா என்பதில்தான் கைக்குக் கை வழக்கம் மாறுகிறது. இரண்டு விதமாகவும் சமைத்துப் பார்த்து, பொரிப்பதே சரி என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்படியே போட்டால் எண்ணெய் மிச்சம், நேரமும் மிச்சம். டோஃபு மெத்தென்று இருப்பதால் சிறு பிள்ளைகளும் முதியவர்களும் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

ஆனால் இந்தச் சமையலின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். முளையில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். சூடும் உப்பும் பட்டதும் அது வெளியேறத் தொடங்கும். பொரிக்காத டோஃபுவும் தன் பங்குக்கு நீர் விட்டால் வாணலியின் சூடு தணிந்து, வதங்க வேண்டிய முளை வெந்து குழைந்துவிடும். கரண்டி பட்டு டோஃபுவும் உதிரும்.

பொரிப்பதென்றால் தோக்வாவைத் துணியில் சுற்றி, மேலே கனமான பாத்திரம் வைத்துக் கால் மணி நேரம் நீர் வடிய விடுங்கள். துண்டுகளாக்கிச் சூடான எண்ணெயில் போட்டதும் உடனே கிளறக் கூடாது. அடிப்பக்கம் பொன்னிறமானால் துண்டு தானாகவே வாணலியை விட்டுக் கழன்று வரும். அப்போது திருப்பினால் போதும். எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அதே எண்ணெயில் பூண்டைத் தொடங்கலாம். முளைக்குப் பெருந்தீயில் இரண்டு நிமிடம். பாத்திஸும் பொரித்த டோஃபுவும் கடைசியில். மொறுமொறுத்த மேற்பரப்பு அந்தச் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். அடியில் குளம் கட்டாது.

மிஞ்சியதை என்ன செய்வது என்று பார்த்தாலும் பொரித்ததே வெல்கிறது. மறுநாள் அதை லும்பியா தாள் என்ற மெல்லிய மாவுத் தாளில் சுருட்டி எண்ணெயில் பொரித்தால் லும்பியாங் தோகே. பூண்டும் மிளகாயும் போட்ட காடியில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். உள்ளே ஈரம் இருந்தால் தாள் நைந்து கிழியும், எண்ணெயும் தெறிக்கும். வறண்ட வதக்கலை நன்றாக ஆறவிட்டுச் சுருட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் ஏர் ஃப்ரையரைக் கேட்பார்கள். அதில் நான் அதிகம் செய்ததில்லை. செய்தவரை மேல்தோல் நன்றாகவே மொறுமொறுத்தது, ஆனால் ஓரங்கள் வறண்டு போயின. துண்டுகளைச் சற்றுப் பெரிதாக வெட்டிப் பாருங்கள்.