இ.சி.டி. சேவை: சிகிச்சை அறை நன்று, கையெழுத்து வாங்கும் முறை போதாது

இ.சி.டி. என்பது மூளைக்குச் சிறிது மின்சாரம் கொடுத்து வலிப்பை வரவழைக்கும் மனநல சிகிச்சை. 'ஷாக்' என்றதும் பலருக்குப் பயம். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் இ.சி.டி. கொடுப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தடை செய்துவிட்டது. முறையாக நடக்கும் அறையில் பயப்பட ஒன்றுமில்லை.

சிகிச்சைக்கு முன் 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. பல்செட்டைக் கழற்ற வேண்டும். நகப்பூச்சையும் அழிக்க வேண்டும். இல்லையென்றால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி தப்பாகக் காட்டலாம். கணுக்காலில் பி.பி. பட்டையை இறுக்கிவிட்டுத்தான் தசைத் தளர்வு மருந்தான சக்சினைல்கோலின் ஏற்றுவார்கள். மருந்து எட்டாத அந்தப் பாதம் மட்டும் துடிக்கும், அதை வைத்து வலிப்பின் நொடிகளை எண்ணுவார்கள். வாயில் ரப்பர் கட்டை கட்டாயம். மின்சாரம் தாடைத் தசையை நேரடியாக இழுப்பதால் தளர்வு மருந்து அங்கே உதவாது, பல்லும் நாக்கும் கடிபடும்.

சறுக்குவது ஒப்புதலில். அட்மிஷன் அன்று வாங்கும் பொதுக் கையெழுத்து இதற்குச் செல்லாது. பல நேரம் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நோயாளி தெளிவாக இருக்கும்போதே உறவினரிடம் பேனா போகிறது. இது தவறு. எத்தனை அமர்வுகள் (வழக்கமாக 6 முதல் 12), மாற்று வழி என்ன, சில பழைய நினைவுகள் திரும்பாமலே போகலாம் என்பதையெல்லாம் தமிழில் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். பாதியில் 'வேண்டாம்' என்றால் நிறுத்த வேண்டும். அவசர சிகிச்சை என்ற பெயரிலும் இ.சி.டி. கொடுக்க முடியாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் காப்பாளர் ஒப்புதலோடு அந்தச் சட்டத்தின்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் தேவை.