கிரீனின் ஸ்லாங் அகராதித் தளம்: மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு பரிந்துரை

ஆங்கிலக் கதையையோ படத்தையோ தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் அதிகம் சறுக்குவது தெரிந்த சொற்களில்தான். லண்டன் ரவுடி ஒருவன் தன் கூட்டாளியைப் பற்றி “டூயிங் பேர்டு” என்றால், அங்கே பறவை எதுவும் கிடையாது. ஆள் உள்ளே களி தின்கிறான்.

கூட்டத்துக்குக் கூட்டம் மாறும் இந்த மாதிரிக் கொச்சை வழக்குக்கு ஆங்கிலத்தில் ஸ்லாங் என்று பெயர். அதற்கு நம்பிப் பார்க்கத் தகுந்தது பிரிட்டன் அகராதியாளர் ஜொனாத்தன் கிரீனின் ஸ்லாங் அகராதி. 2010-இல் மூன்று தடித்த தொகுதிகளாக அச்சில் வந்தது, 2016-இல் இணையத்துக்கு வந்தது. இப்போது காசு கட்டாமலே பார்க்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே, அது எந்த ஆண்டில், எந்த எழுத்தில் வந்தது என்ற மேற்கோள்கள் வரிசையாக இருக்கும். இதன் பெரிய பலம் அதுதான்.

‘பேர்டு’ எத்தனை கூட்டங்களில் புழங்குகிறது என்று பாருங்கள். பிரிட்டன் இளைஞர்களுக்கு அது பெண். நாடகக்காரர்களுக்கு, மேடையில் இருப்பவரைப் பார்வையாளர்கள் சீறி விரட்டுவது. வாத்தின் சீறலிலிருந்து வந்தது. அமெரிக்காவில் நடுவிரல் காட்டுவது. விமானப் படையினருக்கு விமானம் அல்லது ஹெலிகாப்டர். சிறைப் பொருள் வந்த வழியே வேறு. ‘பேர்டுலைம்’ என்பது கிளையில் தடவிக் குருவி பிடிக்கும் பிசின். லண்டன் உழைக்கும் மக்களின் காக்னி பேச்சில் அதை ‘டைம்’ என்பதோடு இயைபு சேர்த்துத் தண்டனைக் காலத்துக்கு வைத்தார்கள். பின்பாதி உதிர்ந்து ‘பேர்டு’ மட்டும் மிஞ்சியது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதாக நம் இலக்கணம் சொல்லும் குழூஉக்குறியும் இதே இனம்தான்: வெளியாள் காதில் விழுந்தாலும் புரியக் கூடாது.

தேடுவதற்கு முன், பேசுபவர் எந்த ஊர், எந்தக் காலம், எந்தக் கூட்டம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் பொருளோடு நிற்காமல் கடைசிவரை படியுங்கள். பொருள்கள் புழக்கத்தின் அளவுப்படி அடுக்கப்பட்டவை அல்ல. தொடர்களும் கூட்டுச்சொற்களும் பதிவின் அடியில் தனியாக இருக்கும், பலர் அங்கே போவதே இல்லை. ஒரே எழுத்துக்கூட்டல் உள்ள சொற்கள் தனித்தனி எண்ணிட்ட பதிவுகளாகப் பிரிந்திருந்தால் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

நாடு, குழு ஆகியவற்றைச் சொல்லும் குறிப்புகளை விடவே கூடாது. ‘கிராஸ்’ என்றால் போதைப் புழக்கத்தில் கஞ்சா, பிரிட்டன் குற்ற உலகில் போலீஸிடம் போட்டுக்கொடுப்பவன். குறிப்பைக் கவனிக்காமல் மொழிபெயர்த்தால் துரோகி கஞ்சா வியாபாரியாகிவிடுவான், கதையே கவிழ்ந்துவிடும்.

முதல் மேற்கோளின் ஆண்டைச் சொல் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்லாங் வாயில் புழங்கிப் புழங்கித்தான் எழுத்துக்கு வரும். கண்டெடுக்கப்பட்ட மிகப் பழைய சான்று என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

குறை என்றால், நேற்று முளைத்த சொற்கள் இதில் கிடைப்பது கடினம். அதற்கு 1999-இல் தொடங்கிய இணைய ஸ்லாங் அகராதியான அர்பன் டிக்‌ஷனரியைப் பார்க்கலாம், ஆனால் அரைமனதோடுதான். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் தோழியின் பெயருக்குப் பாராட்டுரை எழுதிவைத்தவர்களும் அங்கே உண்டு. அதிக ஓட்டு வாங்கிய விளக்கம் பெரும்பாலும் சிரிப்பு மூட்டியதாக இருக்கும், சரியானதாக இருக்க வேண்டியதில்லை. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே பொருளைச் சொல்லியிருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: இரண்டு தளங்களிலும் இன வசவு, பாலியல் வசவு எல்லாம் பச்சையாகவே இருக்கும். வகுப்பறைத் திரையில் நேரடியாகத் தேடாமல், வேண்டிய பதிவை மட்டும் முன்கூட்டியே எடுத்துவைத்துக் காட்டுங்கள்.