எழிலா, பைத்தானா: முதல் மாதத்துக்கு எது?

தமிழ்வழியில் படிக்கும் எட்டாம் வகுப்பு மாணவருக்கு நிரல் எழுதச் சொல்லித் தர, பைத்தான் என்ற நிரல்மொழியோடு இன்னொரு வழியும் இருக்கிறது: முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009-இல் ஆய்வுக் கட்டுரையாக அறிமுகப்படுத்திய 'எழில்'. இதன் கட்டளைச் சொற்கள் தமிழ். உள்ளே இயங்குவது பைத்தான்தான். ஆனாலும் தொடரியலில், அதாவது நிரலை எழுதும் முறையில், இரண்டும் வேறு வேறு.

எழிலில் நிபந்தனை இப்படி வரும்:

மதிப்பெண் = 42
@(மதிப்பெண் >= 35) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மறுதேர்வு"
முடி

நிபந்தனை முதலில், 'ஆனால்' பிறகு. 'முப்பத்தைந்துக்கு மேல் ஆனால்' என்று பேசுகிற அதே வரிசை. பைத்தானில் 'இஃப்' முன்னால் வந்து, வரியின் முடிவில் முக்காற்புள்ளி (:) கட்டாயம். உள்ளே போகும் வரிகளை ஒரே அளவு, வழக்கமாக நான்கு இடைவெளி, தள்ளி எழுத வேண்டும். ஒரு வரி நான்கு, அடுத்தது மூன்று என்றால் நிரல் ஓடாது. எழிலில் எங்கே முடிகிறது என்பதை 'முடி' சொல்லிவிடும். தள்ளி எழுதுவது நம் கண்ணுக்காக மட்டும். ஆனால் 'முடி'யை மறந்தால் பிழை.

இதுவரை எழில் முந்துகிறது. சறுக்கும் இடம் 'வரை'.

எ = 1
@(எ <= 5) வரை
    பதிப்பி எ
    எ = எ + 1
முடி

இது 1 முதல் 5 வரை அச்சிடும். ஆனால் 'ஐந்து மணி வரை' என்றால் ஐந்து மணி வந்ததும் நிறுத்துவதுதான் நம் வழக்கம். எழிலிலோ, நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை சுழலும். பேச்சுத் தமிழை நம்பும் பிள்ளை @(எ > 5) வரை என்று எழுதும். முதல் சோதனையிலேயே நிபந்தனை பொய். சுழற்சி ஒரு முறைகூட ஓடாது, பிழைச் செய்தியும் வராது. வெற்றுத் திரைதான் மிஞ்சும். தாய்மொழிச் சொல் எப்போதும் உதவும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சொல்லைப் பார்த்தால் போதும். பைத்தானின் 'வைல்' பிள்ளைக்குப் புதுச்சொல் என்பதால் அதன் பொருளைச் சொல்லித்தான் ஆக வேண்டும், குழப்பம் குறைவு. ('எ = எ + 1' வரியை மறந்தால் இரண்டிலும் முடிவில்லாச் சுழற்சிதான். கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தலாம்.)

எண்ணிச் சுழற்ற எழிலில் 'ஆக': @(எ = 1, எ <= 5, எ = எ + 1) ஆக. தொடக்கம், நிபந்தனை, ஏற்றம் மூன்றும் கண்ணெதிரே இருக்கும். பின்னால் சி மொழிக்குப் போகிறவருக்கு இது பழகிய வடிவம். பைத்தானில் ரேஞ்ச்(1, 5) என்றால் 1, 2, 3, 4 மட்டும், 5 வராது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

தட்டச்சும் கவனிக்க வேண்டியது. எழிலுக்கு ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துகள், நிரல் ஓடாது. தமிழ் 99 விசைப்பலகை கைவராதவருக்கு முதல் வாரம் தட்டச்சிலேயே போய்விடும். அப்படிப்பட்டவருக்கு எழில் வேண்டாம். நேரே பைத்தான் போகலாம்.

பைத்தான் 3-இல் மாறிப் பெயர்களை, அதாவது மதிப்புகளுக்கு நாம் வைக்கும் பெயர்களை, தமிழிலேயே வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 'மதிப்பெண்' அங்கேயும் செல்லும். ஒரு எச்சரிக்கை: 'அம்மா' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்னும். புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியே எண்ணுகிறது. மூன்றெழுத்து என்ற விடை வேண்டுமென்றால் தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன்-தமிழ் நிரலகத்தைச் சேர்க்க வேண்டும்.

பிழை தேடும்போது பைத்தானுக்கு ஈடில்லை. செய்தியை அப்படியே தேடினால் நூறு பேர் விடை சொல்லியிருப்பார்கள். எழிலுக்கு அந்தக் கூட்டம் இல்லை. பக்கத்தில் ஆசிரியர் இருந்தால்தான் சரிப்படும்.

என் தேர்வு: ஆங்கில எழுத்தைக் கண்டாலே தயங்கும் பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரம் எழில். மற்ற எல்லோருக்கும் முதல் நாளே பைத்தான். எழிலிலிருந்து மாறும்போது புது நிரல் எழுத வேண்டாம். மேலே உள்ள மதிப்பெண் நிரலையே எடுத்து, மாறிப் பெயரைத் தொடாமல் விட்டு, @ குறியையும் 'முடி'யையும் நீக்கி, 'ஆனால்' என்பதை எடுத்துவிட்டு வரியின் முன்னால் 'இஃப்', 'இல்லை'க்கு 'எல்ஸ்', 'பதிப்பி'க்கு 'பிரிண்ட்' என்று ஆங்கிலத்தில் மாற்றி, முக்காற்புள்ளி சேர்த்து, பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி போட்டு ஓட்டிப் பாருங்கள்.