டெகுவுக்கான 30 செ.மீ. உலோக ஓட்டச் சக்கரம்: வாங்கலாம், ஆனால் அப்படியே மாட்டக் கூடாது

டெகு (தென் அமெரிக்காவின் சிலி நாட்டைச் சேர்ந்த, எலி போன்ற சிறு கொறிவிலங்கு) வளர்ப்போர் பெரும்பாலும் தவறாகத் தேர்ந்தெடுப்பது ஓட்டச் சக்கரத்தைத்தான். ஹாம்ஸ்டருக்கு அளவெடுத்த பிளாஸ்டிக் சக்கரங்களில் 'சிறு விலங்குகள் அனைத்துக்கும்' என்று அச்சிட்டிருப்பதை நம்பிவிடுகிறார்கள். இங்கே பார்ப்பது வேறு வகை: 30 செ.மீ. விட்டம், பின்பக்கம் முழுத் தகடு, முன்பக்கம் குறுக்குக் கம்பியே இல்லாத திறப்பு, பவுடர் கோட்டிங் பூசிய உலோகம். டெகுவுக்கு ஏற்றது இதுதான்.

முதல் காரணம் வால். டெகுவின் வாலை எதுவாவது பற்றி இழுத்தால் தோல் உறைபோல் கழன்று வந்துவிடும். காட்டில் வேட்டை விலங்கிடமிருந்து தப்ப உதவும் ஏற்பாடு அது. உள்ளே தெரியும் எலும்பும் சதையும் காய்ந்து உதிரும். அல்லது டெகுவே கடித்து அகற்றிவிடும். இழந்த வால் மீண்டும் வளராது. கம்பி ஆரங்கள் உள்ள சக்கரத்தில், சுழலும் ஆரத்துக்கும் அசையாத தாங்கிக்கும் இடையில் கத்தரிக்கோல் வெட்டுவதுபோல் வால் சிக்கும். பின்பக்கம் மூடியிருந்து, அச்சும் அந்தப் பக்கம் மட்டுமே இருந்தால் அந்த இடுக்கே இருக்காது. மற்ற எந்த வசதியையும்விட இதற்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

அடுத்தது விட்டம். வளர்ந்த டெகுவின் எடை சுமார் 170 முதல் 300 கிராம். 20 செ.மீ. சக்கரத்தில் அதன் முதுகு மேல்நோக்கி வளைந்தபடியே ஓட வேண்டியிருக்கும். தினமும் பல மணி நேரம் அப்படி ஓடினால் முதுகெலும்பு கெடலாம். ஓடும்போது பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: கழுத்திலிருந்து வாலடி வரை முதுகு நேராக இருந்தால் அளவு சரி. 30 செ.மீ.யில் பெரும்பாலான டெகுக்கள் நேராகவே ஓடுகின்றன.

ஓடுதளம்தான் இந்தச் சக்கரத்தின் பலவீனம். துளையிட்ட தகடாக இருந்தால் எச்சம் கீழே விழுந்துவிடும், அது நல்லது. ஆனால் துளை விளிம்புகள் உள்ளங்கால் தோலை உரசும். புண் ஆழமாகி வீங்கிவிட்டால் ஆறுவது கடினம். வாங்கியதும் தளத்தின் உட்புறம் முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் மெல்லிய கார்க் தாளை மாவுப் பசையால் ஒட்டலாம். அதை டெகுக்கள் கடிக்கும், சிறுநீரில் ஊறும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இருந்தாலும் செய்யத் தகுந்த வேலை. ரசாயனப் பசையோ ஒட்டும் டேப்போ வேண்டாம், வயிற்றுக்குள் போகும். வாரம் ஒருமுறை உள்ளங்காலைப் பாருங்கள். வாலைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள்.

மாட்டும்போது கூண்டுக் கம்பியின் இருபுறமும் அகலமான வாஷர் வைத்து இறுக்குங்கள். இல்லையென்றால் மெல்லிய கம்பிகள் வளைந்து சக்கரம் முன்பக்கம் சாயும். சாதாரண நட்டு அதிர்வில் தளர்ந்துவிடும். நைலான் வளையம் உள்ள லாக் நட்டு போட்டு, அது கூண்டுக்கு வெளியே, பல்லுக்கு எட்டாத இடத்தில் இருக்குமாறு பாருங்கள். சக்கர விளிம்புக்கும் தட்டு, ஏணி போன்றவற்றுக்கும் இடையில் ஒரு டெகு நசுங்காமல் நுழைந்து போகும் அளவு இடைவெளி விடுங்கள். வேகத்தில் தூக்கி எறியப்படுவது சாதாரணம் என்பதால் உயரமான தட்டில் பொருத்தாமல், தடிமனாகப் படுக்கை பரப்பிய தரைக்கு அருகில் வையுங்கள்.

பிளாஸ்டிக் சக்கரம் சத்தமில்லாதது, ஆனால் வாழ்நாள் முழுதும் வளரும் வெட்டுப்பற்கள் அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும். விழுங்கிய துண்டு குடலை அடைக்கலாம். மரச் சக்கரம் காலுக்கு மிக இதமானது. சிறுநீர் ஊறி நாறும் என்பதும் டெகுக்கள் கடித்துத் தீர்த்துவிடும் என்பதும்தான் குறை. அவ்வப்போது மாற்ற முடிந்தவர்கள் தாராளமாக மரத்தையே எடுக்கலாம்.

உலோகத்தில் படியும் வெள்ளைச் சிறுநீர்க் கறையை வினிகர் கலந்த வெந்நீர் கரைக்கும். பிறகு நன்றாக அலசி, ஈரமில்லாமல் துடைத்து மாட்டுங்கள். பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு ஏறத் தொடங்கி, அதையே டெகு கொறிக்கிறது என்றால் சக்கரத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது. கிறீச்சிட்டால் முதலில் பேரிங்கில் சிக்கிய முடியையும் உலர்புல் தூளையும் எடுங்கள். பெரும்பாலும் எண்ணெயே தேவைப்படாது.

டெகுவைத் தனியாக வளர்க்கக் கூடாது என்பதால் ஒரு சக்கரத்தில் இரண்டு ஏறுவது வழக்கம். ஒன்று நிற்க, மற்றது ஓட, நின்றது உருண்டு விழும். இடமிருந்தால் இரண்டாவது சக்கரம் வாங்குங்கள். எடை குறைய இதை மட்டும் நம்ப வேண்டாம்: டெகுவின் உடலால் சர்க்கரையைச் சரியாகக் கையாள முடியாது. வெல்லப்பாகு சேர்த்த தீனியையும் உலர்பழத்தையும் நிறுத்தாமல் சக்கரம் மட்டும் கொடுத்தால் நீரிழிவும் கண்புரையும் விலகாது.

குட்டி ஈன்ற கூண்டிலிருந்து சக்கரத்தைச் சில வாரங்களுக்குக் கழற்றிவிடுங்கள். குட்டிகள் முடியோடும் திறந்த கண்ணோடும் பிறந்து சில நாளிலேயே அதில் ஏறிவிடும். தாய் ஓடத் தொடங்கினால் தூக்கி எறியப்படுவது குட்டிதான்.