எல்டன் ரிங்கா, விட்சர் 3-ஆ: முதலில் எதை வாங்கலாம்?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கேம் ஆடுகிறவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. எனக்கும் லாஸ்பேட்டையில் இருக்கும் சித்தப்பா மகனுக்கும் இதே வழக்குதான். அவன் விட்சர் 3 கட்சி, நான் எல்டன் ரிங் கட்சி. இருவருமே இரண்டையும் ஆடியவர்கள் என்பதால் சண்டை சுலபத்தில் முடிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாட்களுக்கு ஒரு கேம் வாங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விட்சர் 3-ஐ 2015 மே மாதம் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் வெளியிட்டது. எல்டன் ரிங் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கியது, 2022 பிப்ரவரியில் வந்தது. இரண்டுமே அந்தந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸில் சிறந்த கேம் விருதை வாங்கியவை. வாள், மந்திரம், குதிரை, மணிக்கணக்கில் சுற்றினாலும் தீராத நிலம் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஒற்றுமை அதோடு சரி.

ஸ்கைரிம் எங்கே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 2011-இல் வந்த அந்தக் கேமை இன்றைக்கும் மோட் (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) போட்டு ஆடுகிறார்கள், அந்தப் பனிமலை இசையைக் கேட்டால் எனக்கும் மனசு இளகிவிடும். ஆனால் வாளை ஓங்கினால் காற்றை வெட்டுவது போலத்தான் இருக்கும். சண்டை முக்கியம் என்றால் இந்தப் போட்டியில் அதைச் சேர்க்க முடியாது.

தொடக்கத்தைப் பார்ப்போம். விட்சரில் நாம் கெரால்ட். பேய், பூதம் வேட்டையாடிக் கூலி வாங்குகிறவன், மகள் போல் வளர்த்த சிரியைத் தேடிக்கொண்டிருக்கிறான். முதல் அரை மணி நேரத்திலேயே யார், எங்கே, எதற்கு என்று எல்லாம் தெரிந்துவிடும். எல்டன் ரிங்கில் குகையிலிருந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் லிம்கிரேவ் புல்வெளி. தூரத்தில் வானத்தைத் தொடும் பொன் மரம். பக்கத்தில் பொற்கவசம் போட்ட குதிரை வீரன் ஒருவன் ரோந்து வருகிறான். கிட்டே போனால் ஓரிரு அடியில் ஆட்டம் முடிந்தது. "என்னண்ணா இது, நான் யாரு, எங்க போகணும், ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது" என்று தம்பி முதல் நாளே போன் செய்தான். நியாயமான புகார்தான். தங்க ஒளிக்கீற்று ஒன்று திசை காட்டும். அதற்கு மேல் நாமாகத்தான் தேட வேண்டும். அந்தக் குதிரை வீரனைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்பதையும் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். கேம் முழுக்கச் சொல்லித் தரும் முதல் பாடம் அதுதான்: முடியவில்லையா, வேறு பக்கம் போ, பலம் சேர்த்துக்கொண்டு வா.

சண்டையில் எல்டன் ரிங் பக்கத்தில்கூட விட்சர் வராது. ஸ்டார்ம்வேல் கோட்டைக்குப் போகும் வழியை மறித்து மார்கிட் என்று ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி, நிற்பான். கைத்தடியைத் தலைக்கு மேல் தூக்குவான். மற்ற கேம்களில் தூக்கிய கை உடனே இறங்கும், அதற்கேற்ப உருண்டு தப்பிக்கலாம். இவன் தூக்கிய கையை அப்படியே வைத்திருப்பான். நாம் பதறி உருளுவோம். உருண்டு எழும் அந்த நொடியில் தடி இறங்கும். சரி, தள்ளி நின்று சிவப்புக் குப்பியைக் குடித்து உயிரை ஏற்றலாம் என்று பார்த்தால், குப்பி வாய்க்குப் போவதற்குள் ஒளிக்கத்தி ஒன்று பறந்து வரும். பாதி உயிர் குறைந்ததும் ஒளியாலேயே செய்த பெரிய சம்மட்டியைக் கையில் எடுப்பான். தோற்கத் தோற்க நம் கண் அவன் தடியை விட்டுத் தோளுக்குப் போகும். தோள் அசைந்த பிறகு உருண்டால் போதும் என்று கை தானாகப் பழகும். கடைசியில் அவன் விழும்போது வருகிற சந்தோஷம் முழுக்க நம்முடையது. லெவல் ஏறாமலே, கோவணமும் ஒரு கட்டையுமாகக் கேமை முடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

விட்சரில் அப்படி இல்லை. கெரால்ட் வாளைச் சுழற்றுவது பார்க்க அழகு. ஆனால் க்வென் என்ற காப்பு மந்திரத்தைப் போட்டுக்கொண்டு இரண்டு அடி, ஒரு விலகல் என்றே பெரும்பாலான சண்டைகளைக் கடந்துவிடலாம். எதிரி நம்மைவிடச் சில லெவல் மேலே இருந்தால் தலைக்கு மேல் மண்டையோடு தெரியும். அவனை எவ்வளவு சாமர்த்தியமாக அடித்தாலும் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். அங்கே ஜெயிப்பது எண்தான்.

ஆனால் மனிதர்கள் என்று வந்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன். தம்பி ஜெயிப்பது அங்கேதான்.

முதல் ஊரான ஒயிட் ஆர்ச்சர்டில் பாழடைந்த குக்கிராமம் ஒன்று இருக்கிறது. அங்கே கிணற்றடியில் உச்சிவேளையில் ஒரு பேய் அலைகிறது. ஸ்லாவ் நாட்டார் கதைகளில் நண்பகலில் வயல்வெளியில் வரும் பெண் பேய் அது. "உச்சி வெயில்ல கிணத்துப் பக்கம் போகாதே" என்று கேட்டு வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. கெரால்ட் நேராக வாளை உருவிக்கொண்டு போவதில்லை. அவள் யார், எப்படிச் செத்தாள் என்று முதலில் விசாரிக்கிறான். கிணற்றுக்குள் இறங்கி அவளுடைய காப்பைத் தேடி எடுக்கிறான். உடலையும் காப்பையும் எரித்தால்தான் அவள் அடங்குவாள். சண்டையில் யார்டென் என்ற மந்திர வளையம் போட்டு அதற்குள் இழுத்தால்தான் அவள்மேல் அடி சரியாக விழும். கதையும் சண்டையும் ஒரே முடிச்சாக இருக்கும் இடம் இது.

அதற்கடுத்து வெலன் சதுப்பு நிலத்தில் ரத்தக்கறை பாரன் வருகிறான். காணாமல் போன மனைவியையும் மகளையும் தேடித் தரச் சொல்கிறான். கிண்டக் கிண்ட அவன் குடித்துவிட்டு மனைவியை அடித்ததும், வயிற்றிலேயே கலைந்த குழந்தையைச் சடங்கு இல்லாமல் புதைத்ததும் வெளியே வருகிறது. அந்தக் குழந்தைதான் இப்போது பேயாகிக் கர்ப்பிணிகளைத் தேடுகிறது. காட்டேரிக் கதை கேட்ட நமக்கு அடிவயிறு கலங்கும். அதைக் கொல்லவும் செய்யலாம், அடக்கவும் செய்யலாம். அடக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தடித்த மனிதன் அதைத் தன் கையில் ஏந்திக்கொண்டு இரவில் நடப்பான். அது உறுமும்போதெல்லாம் கெரால்ட் மந்திரம் போட்டுத் தணிப்பான். வீட்டு வாசற்படி அருகே குழி தோண்டி, பெயர் வைத்து, மகள் என்று சொல்லிப் புதைப்பான். அவன் செய்த கொடுமையைக் கேம் எங்கேயும் மன்னிக்கவில்லை. ஆனாலும் அந்த நடையின்போது அவனை வெறுக்கவும் முடியவில்லை. மேற்கொண்டு கதையைச் சொல்ல மாட்டேன். சேவ் போட்டுவிட்டு வேறு முடிவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நாம் எடுத்த முடிவின் பலன் சில மணி நேர ஆட்டம் கழித்துத்தான் தெரியும், திரும்பிப் போக மனசு வராது.

எல்டன் ரிங்கில் இப்படி ஒரு மனிதரைக் காட்ட முடியாது. புராணம் இருக்கிறது, அதன் அடித்தளத்தை எழுதித் தந்தவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். ஆனால் அதைப் பொருட்களின் குறிப்புகளில் துண்டு துண்டாகப் படித்துச் சேர்க்க வேண்டும். ரானியும் பிளைத்தும் மனதில் நிற்பார்கள். மற்றவர்கள் இரண்டு வரி பேசிவிட்டு எங்கேயோ போய்விடுவார்கள்.

ஊர் சுற்றுவதில் மறுபடியும் எல்டன் ரிங்தான். மிஸ்ட்வுட் காட்டுக்குள் ஒரு கல் மண்டபம் இருக்கிறது. உள்ளே ஒரு லிஃப்ட். ஏறி நின்றால் இறங்குகிறது, இறங்குகிறது, இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கதவு திறந்தால் பூமிக்கடியில் நட்சத்திரம் நிறைந்த வானம், அதன் கீழே சியோஃப்ரா ஆறு. மேப்பில் குறி கிடையாது, யாரும் போகச் சொல்லவும் இல்லை. விட்சரின் ஸ்கெல்லிகே தீவுகள் அழகுதான், ஆனால் மேப்பில் கடலெங்கும் கேள்விக்குறி. படகை ஓட்டிக்கொண்டு போய் மூழ்கினால் மறுபடியும் மறுபடியும் கடத்தல்காரன் பெட்டிதான். தயவுசெய்து அவற்றை விட்டுவிடுங்கள்.

வீட்டு நடைமுறையும் முக்கியம். எல்டன் ரிங்கில் மற்ற கேம்கள் போல ஒரு பட்டனை அழுத்தி ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது. மெனுவைத் திறந்தாலும் பாஸ் அடித்துக்கொண்டுதான் இருப்பான். காலிங் பெல் அடித்தால், அம்மா கூப்பிட்டால் போச்சு. விட்சரில் எந்த நேரமும் நிறுத்தலாம். மழைக்காலத்தில் கரண்ட் போவது நமக்குப் பழகிய விஷயம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது யாருக்கும் மறந்திருக்காது. எல்டன் ரிங் தானாக அடிக்கடி சேவ் செய்துகொள்ளும் என்பதால் இழப்பு குறைவு. விட்சரில் சண்டை இல்லாத நேரங்களில் நீங்களே சேவ் போடும் பழக்கம் வேண்டும். எதுவானாலும் டெஸ்க்டாப் வைத்திருந்தால் ஒரு யுபிஎஸ் அவசியம்.

பழைய பிசிக்கு விட்சர்தான் கைகொடுக்கும். எல்டன் ரிங் குறைந்தது 12 ஜிபி ராமும் 60 ஜிபி இடமும் கேட்கும், எவ்வளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டாலும் நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல் போகாது. இன்னொன்று, ஹாலில் டிவியில் போட்டு ஆடுகிறவர்கள் கவனிக்க: விட்சர் வயது வந்தவர்களுக்கான கேம். முன்னறிவிப்பு இல்லாமல் படுக்கையறைக் காட்சி வரும். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஆடுங்கள்.

இந்த வகைக் கேமையே இதுவரை தொடாதவருக்கு விட்சர் 3 வாங்கச் சொல்வேன். சேலில் இரண்டு டிஎல்சியும் (கூடுதல் கதைப் பகுதிகள்) சேர்ந்த பதிப்பு மலிவாகவே கிடைக்கும். கன்ட்ரோலர் பிடித்துப் பழகியவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், எல்டன் ரிங். என்னைக் கேட்டால், ஒரே ஒரு கேம்தான் பிசியில் இருக்கலாம் என்றாலும் அதைத்தான் வைத்துக்கொள்வேன். பாரன் கதையை மறக்க முடியாது; ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது லிம்கிரேவுக்குத்தான்.

டிஎல்சி பற்றியும் சொல்லிவிடுகிறேன். விட்சரின் பிளட் அண்ட் வைன் டூசான் என்ற திராட்சைத் தோட்ட நாட்டில் நடக்கிறது. முதன்மைக் கதையை ஆடாமலே மெனுவிலிருந்து நேராக அதைத் தொடங்கலாம். எல்டன் ரிங்குக்கு 2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ அப்படி விடாது. ராடான், மோக் என்ற இரண்டு பாஸ்களையும் வீழ்த்தியவர்களுக்கு மட்டுமே வழி. தம்பி இப்போது மோகிடம் நிற்கிறான். மோக் மூன்றிலிருந்து கீழே எண்ணிவிட்டு உயிரை உறிஞ்சும் சாபத்தைத் தாங்க ஒரு படிகக் கண்ணீர் உண்டு. ஆல்டஸ் பீடபூமியில், மரிகாவின் இரண்டாம் தேவாலயத்தில் பாய்ந்து வரும் எலியனோராவை ஜெயித்தால் கிடைக்கும். அதை எடுத்துக் குப்பியில் கலந்துகொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.