புதிய மஸ்டாங்கா, பழைய சேலஞ்சரா?

அமெரிக்காவில் பழம்பாணித் தோற்றமுள்ள மசில் கார் (ஆற்றல்மிக்க எஞ்சின் கொண்ட இருகதவு கார்) வாங்க விரும்புவோர் பலர், புதிய ஃபோர்டு மஸ்டாங்குக்கும் ஏற்கெனவே ஒருவர் ஓட்டி விற்கும் டாட்ஜ் சேலஞ்சருக்கும் இடையே தயங்குகின்றனர். டாட்ஜ் சேலஞ்சர், செவ்ரோலே கமாரோ இரண்டின் உற்பத்தியும் 2023 டிசம்பரில் முடிந்துவிட்டதால், புதிதாக வாங்குவோருக்கு எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சினுடன் எஞ்சியிருக்கும் மசில் கார் ஃபோர்டு மஸ்டாங் மட்டுமே.

தோற்றம்: 1970ஆம் ஆண்டு மாதிரியின் உருவை ஏறத்தாழ அப்படியே ஏந்தி 2008இல் திரும்பிய சேலஞ்சரே, என் பார்வையில், பழமைக்கு அதிக விசுவாசமானது. மஸ்டாங்கின் வெளிக்கோடுகளில் பழைய சாயல் இருந்தாலும், உள்ளே டிஜிட்டல் திரைகளே ஆள்கின்றன.

ஆற்றல்: மஸ்டாங்கின் ஜிடி வகையிலுள்ள 5.0 லிட்டர் வி8 எஞ்சின் 480 குதிரைத்திறன் தருகிறது. சேலஞ்சரின் ஆர்/டி வகையிலுள்ள ‘ஹெமி’ என்ற 5.7 லிட்டர் வி8 எஞ்சின் ஏறத்தாழ 375 தருகிறது.

இடவசதி: சேலஞ்சரில் ஐவர் அமரலாம், மஸ்டாங்கின் பின்னிருக்கை சிறுவர்களுக்கே போதும்.

உழைப்பு: புதிய மஸ்டாங்கின் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 5 ஆண்டு அல்லது 60,000 மைல் உத்தரவாதம் உண்டு. பழைய ஹெமியில் லிஃப்டர் (எஞ்சின் வால்வுகளைத் திறக்க உதவும் சிறு பாகம்) தேய்ந்து, அதை இயக்கும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டையும் கெடுப்பது அறியப்பட்ட குறை என்பதால், விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்காத வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்து, டிக்டிக் ஓசை எழுகிறதா என்று கூர்ந்து கேட்பதும், நம்பகமான மெக்கானிக்கிடம் காட்டுவதும் கட்டாயம். சேலஞ்சர்கள் அதிகம் திருடப்படுவதால் காப்பீட்டுத் தொகையையும் முன்பே விசாரியுங்கள்.

நாள்தோறும் ஓட்டவும் வளைவுகளில் விரையவும் மஸ்டாங் பொருந்தும். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் நிதானமாகச் செல்லவும், பழுதுக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கவும் முடிந்தவர்களுக்குச் சேலஞ்சர் பொருந்தும்.