கறுப்பனைக் காட்டப் போய் நானும் படுத்த கதை

எங்கள் நாய் கறுப்பனுக்கு 11 வயது. பின்னங்கால் மூட்டில் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை ஆனது. புண் ஆறிய பிறகும் நொண்டல் போகவில்லை. கால்நடை மருத்துவர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். போன இடத்தில் இருந்த அம்மா விலங்கு, மனிதர் இரண்டு பிசியோதெரபியும் படித்தவர், மனிதர்களுக்கும் பார்க்கிறார்.

முதல் நாளே எனக்குச் சந்தேகம். காலுக்காகக் கூட்டிப்போனால் அவர் தோளைத் தடவிக்கொண்டிருக்கிறார். கேட்டேன். நாய் தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குமாம். பின்னங்கால் வலித்தால் இன்னும் கொஞ்சத்தை முன்னே தள்ளிவிடும். நமக்குக் கழுத்துக்குக் கீழே தோள்வரை இருப்பது போன்ற காறை எலும்பும் அதற்கு இல்லை, முன்னங்காலை உடம்போடு பிடித்து வைத்திருப்பதே தசைதான். என் கையை எடுத்து வைத்துக் காட்டினார். இடது தோள் கட்டை மாதிரி இருந்தது. இத்தனை நாள் தடவிக்கொடுத்தும் நான் கவனிக்கவில்லை.

எனக்குப் பிடித்தது அவர் கையை விட அவர் கண். கறுப்பன் கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால், திரும்பி அவர் கையைப் பார்த்தால் உடனே அழுத்தம் குறையும். வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்ல முடியாத நோயாளியிடம் வேறு எப்படிக் கேட்பது? அப்புறம் பயிற்சி: உட்கார்ந்து எழுவது, தரையில் வரிசையாக வைத்த குச்சிகளைத் தாண்டி மெதுவாக நடப்பது. இவ்வளவுதான்.

மூன்றாவது முறை போனபோது, நான் கழுத்தைத் திருப்பாமல் உடம்பையே திருப்புவதைப் பார்த்துவிட்டார். "நீங்களும் படுங்க." தோளின் மேல்பக்கம் ஓர் இடத்தில் விரலை வைத்ததும் வலி நெற்றிப்பொட்டுக்கு ஓடியது. இரண்டு வருடமாக நான் தலைவலி என்று நினைத்தது அது! வலி இப்படி ஓடும் வழிகளைப் படமாக வரைந்தவர்களில் முக்கியமானவர் ஜேனட் டிராவெல், அமெரிக்க அதிபர் கென்னடிக்கு மருத்துவராக இருந்தவர்.

முன்பு நான் போன ஒரு மசாஜ் நிலையத்தில் "லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து எடுக்கிறோம்" என்றார்கள். தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் அது, ஓடியாடி முடித்த ஒரு மணி நேரத்தில் தானாகவே வடிந்துவிடும் சமாச்சாரம். இந்த அம்மா அப்படிக் கதை விடவில்லை. "என் கை வைத்தியம் இரண்டு நாளைக்குத் தாங்கும், மிச்சம் நீங்க இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை" என்றார். பட்டையை இழுத்த முதல் வாரம் தோள் இன்னும் வலித்தது. பழகாத தசைக்குச் சில நாள் அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

குறை இல்லாமல் இல்லை. பயிற்சித் தாளில் உள்ள படங்கள் எந்தக் கை எந்தப் பக்கம் என்றே புரியாது. குறித்த நேரத்தில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நாய், பூனை, மனிதர் எல்லோருக்கும் ஒரே காத்திருப்புக் கூடம், பூனைகள் பாவம்.

ஒருமுறை மட்டும் கடுமையாகத் திட்டு வாங்கினேன். என் வலி மாத்திரையில் பாதியைக் கறுப்பனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு. மனிதர் மாத்திரை நாய்க்கு ஆபத்து, பாராசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

கறுப்பன் பந்துக்கு ஆசைப்பட்டு ஒருநாள்கூடப் பயிற்சியை விட்டதில்லை. எட்டு வாரத்தில் நொண்டல் பெரும்பாலும் போய்விட்டது, இப்போது மாதம் ஒருமுறை வந்தால் போதுமாம். என்னை வாரா வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.